கருதலளவையில் மறைந்து நிற்பன

இக்காலத்து உயர்கல்விக்கும் அரசுப் பணிக்கும் மாணாக்கரைத் தெரிந்தெடுக்கும் தேர்வுகளில் ஒருவகை வினா உண்டு. ஒரு கூற்றினைத் தந்து, அதனைக் கூறியவன் வாயாற் சொல்லாது உள்ளத்தே உண்மையெனக் கொண்டது யாது என வினவுவர். அமெரிக்க நாட்டில் 1948-ஆம் ஆண்டில் தொடங்கிய சட்டக் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு இவ்வகை வினாக்களாற் பெயர்பெற்றது. நம் நாட்டு ஆட்சிப்பணி முதனிலைத் தேர்விலும் 2011-ஆம் ஆண்டிற் புகுத்தப்பட்ட இரண்டாந் தாளில் தருக்கவறிவு ஒரு பகுதியாயிற்று.

அவ்வினாவின் இயல்பினை ஓர் எடுத்துக்காட்டான் உணரலாம். "இவ்வூரில் நூல்நிலையம் திறந்தபின் மாணாக்கர் தேர்ச்சி மிகுந்தது, ஆதலின் தேர்ச்சி மிகுதிக்கு அந்நூல்நிலையமே காரணம்" என ஒருவன் கூறுகின்றான். இவன் சொல்லாது கொண்டது யாது? மாணாக்கர் அந்நூல்நிலையத்தைப் பயன்கொண்டனர் என்பதா? எல்லா ஊரிலும் நூல்நிலையம் வேண்டும் என்பதா? இதனைத் துணிதற்கு ஆசிரியர் கற்பிக்கும் நெறி ஒன்றுண்டு. ஐயுற்ற கோளை மறுத்துப் பார், மறுத்தவழிக் கூற்று வீழுமாயின் அஃது அக்கூற்றிற்கு இன்றியமையாதது, வீழாதாயின் அன்று. மாணாக்கர் ஒருவரும் அங்குச் சென்றிலர் எனின் கூற்று வீழும். எல்லா ஊரிலும் நூல்நிலையம் வேண்டா எனினும் கூற்று வீழாது. ஆகவே முன்னையதே மறைந்து நின்ற கோள்.

இதனை மேனாட்டார் அண்மையிற் கண்ட புதுவித்தை என எண்ணுவார் உளர். நம் நாட்டு அளவை நூல்களைப் பயின்றார் அங்ஙனம் எண்ணார். சொல்லாது விட்டதனைத் தேடுங்கலை ஈண்டு நெடுங்காலம் வளர்ந்தது. அது பிறர் வாதத்தை வீழ்த்தும் படைக்கலமாக மட்டும் அன்றித் தன் வாதத்தைத் தானே சோதிக்கும் உரைகல்லாகவும் நின்றது. அவ்வரலாற்றினைச் சுருக்கிக் காட்டுதல் இக்கட்டுரையின் கருத்து.

கௌதமர் இயற்றிய நியாய சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு தடை எழுப்பப்படுகின்றது. ஆறு பெருகினமை கண்டு மேற்புலத்தே மழை பெய்தது என்று கருதுவர். எறும்புகள் முட்டை சுமந்து ஏகுதல் கண்டு மழை வரும் என்பர். அகவுங் குரல் கேட்டு மயில் உண்டு என்பர். தடையுரைப்பான் கூறுவது: ஆற்றினைக் கீழே அடைப்பினும் நீர் பெருகும், உறையுள் சிதைந்தாலும் எறும்பு முட்டையோடு ஏகும், மனிதனும் மயிலைப் போல அகவுதல் கூடும், ஆதலின் கருதலளவை அளவையாகாது. இத்தடை செய்வது மறைந்து நின்ற கோளை வெளியே இழுத்தலேயாம். "பெருக்கிற்கு மழையன்றி வேறு காரணம் இல்லை" என்பதைக் கருதுவோன் சொல்லாமலே கொண்டுவிட்டான்.

இதற்கு நூலார் விடை சிந்திக்கத்தக்கது. தடையை அவர் புறக்கணித்திலர். ஏதுவைத் திருத்திக் கொண்டனர். வெறும் பெருக்கு ஏதுவன்று. விரைந்த ஒழுக்கும், நுரையும், அடித்துவரப்படும் இலையுங் காயும் கட்டையும் உடைய பெருக்கே ஏது என்று பாடியகாரராகிய வாற்சியாயனர் விளக்குவர். அடைபட்ட நீர் இவ்வியல்பிற்றன்று. பிழைத்தது அளவையன்று, ஏதுவல்லாததனை ஏதுவாகக் கொண்டவனே பிழைத்தான் என்பது அவர் முடிபு. மறைந்த கோளைக் கண்டதன் பயன் இங்கு வாதம் அழிதலன்று, வாதம் திருந்துதலாம்.

இனி, தேர்வாசிரியர் கூறும் மறுத்துப் பார்க்கும் நெறியினை மீமாஞ்சகர் அருத்தாபத்தி என்னும் அளவையில் வைத்து ஆராய்ந்தனர். ஏழாம் நூற்றாண்டினராகிய குமாரிலர் முதலியோர் எடுத்தாண்ட எடுத்துக்காட்டு யாவரும் அறிந்தது: பருத்த தேவதத்தன் பகலில் உண்ணான். அங்ஙனமாயின் அவன் இரவில் உண்கின்றான் எனக் கொள்ளல் வேண்டும். ஏன்? இரவிலும் உண்ணான் எனின் அவன் பருத்திருத்தல் பொருந்தாது. "வேறுவகையாற் பொருந்தாமை" என்னும் இதுவே அவ்வளவையின் உயிர். மறுத்தவழி எது பொருந்தாது போகின்றதோ, அதற்கு வேண்டப்படுவதே சொல்லாது நின்ற பொருள். தேர்வு மண்டபத்து மாணாக்கன் செய்வதும் இதுவே.

சொல்லாது விட்டதனை வருவிக்குங்கால் சொல்லை வருவிப்பதா, பொருளை வருவிப்பதா என்பது பற்றியும் மீமாஞ்சகருள் வழக்குண்டு. குமாரிலர் மரபினராகிய பாட்டர் சொல்லே வருவிக்கப்படும் என்பர். பிரபாகரர் மரபினர் பொருளே வருவிக்கப்படும் என்பர். நம் தொல்காப்பியரும் எச்சவியலில் எச்சம் பத்தினை வகுத்து, அவற்றுட் சொல்லெச்சம், குறிப்பெச்சம் என்பவற்றை வேறுவேறாகக் கூறினமை ஈண்டு நினைக்கத்தகும்.

தமிழில் இவ்வளவை பழமையாகவே பேசப்பட்டது. மணிமேகலையின் இருபத்தேழாங் காதையில், வஞ்சி மாநகரத்து அளவைவாதி அளவைகள் பத்தென எண்ணுங்கால் அருத்தாபத்தியும் ஒன்றாகின்றது. கங்கையில் ஆயர்குடி உளது என்றால் கரையில் உளது எனக் கொள்ளுதல் அவன் காட்டும் எடுத்துக்காட்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் அளவையியலில் இதனைப் பொருள் என்னும் பெயரான் எண்ணிப் பின்னர் எல்லா அளவையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என முடித்தனர். அவ்வடக்கம் தக்கதே. "உணவின்றி உடல் பருப்பதில்லை" என்னும் பொதுவிதி ஒன்று தேவதத்தன் எடுத்துக்காட்டினுள்ளும் மறைந்து நிற்கின்றது. அவ்விதியின்றி இரவூண் பெறப்படாது. ஆகவே அருத்தாபத்தியும் கருதலின் ஒரு வேறுபாடே என்பது பெற்றாம்.

மறைந்து நிற்பது விதி மட்டும் அன்று. சில வேளை சொல்லே தன்னுள் ஒரு கோளை மறைத்து வைத்திருக்கும். மணிமேகலை இருபத்தொன்பதாங் காதையில் அறவணவடிகள் காஞ்சியிற் கற்பிக்கும் பௌத்த அளவை நெறியில் பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, எடுத்துக்காட்டுப் போலி பத்து என வழுக்கள் முப்பத்துமூன்று கூறப்படுகின்றன. பக்கப்போலியுள் ஒன்று அப்பிரசித்த விசேடியம். சாங்கியன் பௌத்தனை நோக்கி "ஆன்மாச் சைதனியம் உடையது" எனின், அவ்வாதம் தொடங்குமுன்னரே வழுவுற்றது. ஆன்மா என ஒன்று உண்டென்பதையே பௌத்தன் உடன்பட்டிலன். உடன்படாத பொருளை எழுவாயாக்கி வைத்தவன், நிறுவ வேண்டியதனைச் சொல்லாமலே பெற்றுக்கொண்டான். உயிருண்மையை எடுத்துரைக்கும் சைவ மாணாக்கர் இதனை மறத்தலாகாது. "உயிர் அறிவுடையது" என்று தொடங்குமுன் "உயிர் உளது" என்று நிறுவுதல் வேண்டும். மெய்கண்டதேவர் மூன்றாஞ் சூத்திரத்தில் உயிருண்மையை முன்னர் நிறுவி, அதன் இயல்பினை நான்காஞ் சூத்திரத்திற் கூறிய வைப்புமுறை இந்நுட்பம் பற்றியது என்று கொள்ளல் தகும்.

அருத்தாபத்தி வாதத்திற்கு வேண்டப்படுவதனைக் காட்டுவது. வாதம் பெறாது விட்டதனைக் காட்டுவது உபாதி. உதயணர் முதலிய நையாயிகர் இதனை நுணுகி ஆராய்ந்தனர். துணிபொருள் உள்ள இடந்தோறும் உளதாய், ஏது உள்ள இடந்தோறும் உளதாகாதது உபாதி என்பது அதன் இலக்கணம். "மலை புகையுடையது, நெருப்புடைமையான்" என்று ஒருவன் கூறினால், பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்புண்டு, புகையில்லையே என்பர். புகையை விளைப்பது வெறும் நெருப்பன்று; ஈரவிறகின் கூட்டரவு. புகையுள்ள இடமெல்லாம் அஃது உண்டு. நெருப்புள்ள இடமெல்லாம் இல்லை. செம்மலர் அருகிருப்பப் படிகம் செந்நிறங் காட்டுதல்போல, ஈரவிறகின் வன்மை நெருப்பின்மேல் ஏறித் தோன்றிற்று. அன்னம்பட்டரது தருக்கசங்கிரகம் கூறும் இவ்வுபாதியிலக்கணம், 1785-இல் இறைவனடி எய்திய சிவஞான முனிவரது மொழிபெயர்ப்பாற் சைவர்க்குத் தமிழிலேயே கைவந்தது. முன் கூறிய நூல்நிலையத்தின்கண்ணும் இதனை வைத்துப் பார்க்கலாம். அவ்வாண்டே நல்லாசிரியர் ஒருவர் அவ்வூர்ப் பள்ளிக்கு வந்திருப்பின், நூல்நிலையம் நெருப்பு, ஆசிரியர் வருகை ஈரவிறகு.

இனி, இக்கருவியை நம் உயிர்நிலையான வாதத்தின்மேல் வைத்துப் பார்க்க நாம் அஞ்சுவோமாயின், மேற்கூறியதெல்லாம் வெறுஞ் சொல்லாரவாரமாய் முடியும். உலகம் காரியம், குடம் போலும் காரியங்களுக்குக் கருத்தா உண்டு, ஆதலின் உலகிற்கும் கருத்தா உண்டு என்பது நையாயிகரும் சைவரும் கொண்ட வழக்கு. இதன்கண் உபாதி உண்டென எதிர்த்தரப்பார் காட்டினர். குடம், ஆடை எனக் கருத்தாவுள்ளதாகக் கண்டன யாவும் உடலுடையானாற் செய்யப்பட்டன. முளையும் மலையும் அங்ஙனம் செய்யப்படக் காண்கிலேம். ஆதலின் "உடலுடையானாற் செய்யப்படுதல்" ஈண்டு ஈரவிறகாம் என்றனர். ஏழாம் நூற்றாண்டுத் தருமகீர்த்தி வேறொரு கோளை வெளிப்படுத்தினர். குடமும் மண்ணின் திரிபு, புற்றும் மண்ணின் திரிபு. ஆதலின் புற்றினையும் குயவன் செய்தான் எனலாமோ? "காரியம்" என்னும் ஒரு சொல் இரண்டிற்கும் பொதுவாதல் பற்றி இரண்டும் ஒரு தன்மையவாகா என்பது அவர் கருத்து. பதினோராம் நூற்றாண்டு இரத்தினகீர்த்தி இவ்வழியே ஈசுர சாதனத்தை விரிவாக மறுத்தனர்.

இத்தடைகளை எளியவென இகழ்தல் கூடாது. முதற்றடைக்கு விடை, அதனுள்ளும் ஒரு கோள் மறைந்து நிற்றலைக் காட்டுதலாம். "கருத்தாவுள்ள இடமெல்லாம் உடலுண்டு" என்று கூறுங்கால், வழக்கிற்குரிய முளையையும் மலையையும் கருத்தாவில்லாதன என முன்னரே கொண்டுவிட்டனர். அன்றியும் உயிர் தன் உடலை இயக்குதற்கு வேறோர் உடலை வேண்டுவதில்லை. ஆதலின் இயக்குதற்கு உடல் இன்றியமையாததன்று. இரண்டாந் தடை ஆழமுடையது. அது நம்மை ஒன்று சொல்லுமாறு வற்புறுத்துகின்றது: நம் வாதம் வடிவொப்புமையில் நிற்பதன்று; "அறிவில்லாதது தானே தொழிற்படாது" என்னும் விதியில் நிற்பது. கன்றின் பொருட்டு அறிவில்லாத பால் சுரத்தல்போல மூலப்பகுதி தொழிற்படும் என்னும் சாங்கியரோடு நமக்குள்ள வழக்கும் இவ்விதி பற்றியதே.

மெய்கண்டார் செய்தது என்னை? முதற்சூத்திரத்தை ஒரே மூச்சில் நிறுவாது, மூன்று அதிகரணமாகப் பகுத்தனர். உலகம் தோன்றி நின்று அழிவது என்பது ஒன்று. ஒடுக்கியவனாலன்றி மீளத் தோற்றம் இல்லை என்பது ஒன்று. ஒடுக்குவோனே முதல் என்பது ஒன்று. ஒவ்வொன்றிற்கும் மேற்கோள் வேறு, ஏது வேறு, எடுத்துக்காட்டு வேறு. உறுப்புக்கள் தோன்றி அழிதல் கண்டு உலகமுழுதும் அங்ஙனமே என எவ்வாறு கொள்ளலாம் என்று வினவுவார்க்கு, அவ்வினா எழும் இடம் முதலதிகரணம் எனக் காட்டலாம். கருத்தா எற்றிற்கு என்பார்க்கு இரண்டாவது. படைப்போனை விடுத்து ஒடுக்குவோனை முதலென்றல் ஏன் என்பார்க்கு மூன்றாவது. மறைத்து வைத்தற்கு இடமின்றிப் படிகளையெல்லாம் வெளியே வைத்த வைப்புமுறை அது.

மறைந்த கோளைக் கண்டமாத்திரத்தானே வழக்கு முடிந்துவிடாது. வழக்கு உண்மையில் எவ்விடத்தது என்பது அப்போதுதான் புலனாகும். தேர்வெழுதும் இளைஞர் இவ்வித்தையை மதிப்பெண்ணிற்காகப் பயில்கின்றனர், பயில்க. அதனோடு, நாள்தோறும் தாம் மெய்யென நம்பிப் பேசும் ஒரு கூற்றையேனும் எடுத்து, "இதனை மறுத்தால் எது வீழும்? இதனோடு எந்த ஈரவிறகு கூடியிருக்கின்றது?" எனத் தம்மையே வினவுவாராயின், நம் ஆசிரியர்கள் அளவையை நூன்முகத்தே வைத்த காரணம் அவர்க்கு இனிது விளங்கும்.