தக்காளி கிலோ 200 ரூபாய், சில வாரங்களில் 10 ரூபாய்: விலையை முடிவு செய்வது யார்?

ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் நீங்கள் குடியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தக்காளி வாங்க ஈ.சி.ஐ.எல். சந்திப்புப் பக்கம் தள்ளுவண்டி இருக்கிறது, குஷாய்குடாவில் ரைத்து பஜார் இருக்கிறது, கையில் டெலிவரி ஆப் இருக்கிறது. மூன்றிலும் விலை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் ஏறும்போது சேர்ந்தே ஏறும், இறங்கும்போது சேர்ந்தே இறங்கும். இவர்கள் யாரும் கூடிப் பேசி விலை வைப்பதில்லை. அப்புறம் எப்படி?

"வரத்து கம்மிங்க, அதான் விலை அதிகம்" என்பார் கடைக்காரர். அது பாதி பதில்தான். மீதிப் பாதியில் நாமும் இருக்கிறோம்.

2023-ல் என்ன நடந்தது?

அந்த ஆண்டு கோடையில் தக்காளிக்கு நல்ல விலை கிடைக்கவில்லை. பல விவசாயிகள் அடுத்த பயிருக்குத் தயங்கினார்கள். கோலார் பகுதியில் வெள்ளை ஈ தாக்குதலும், பல இடங்களில் மழையும் விளைச்சலைக் கெடுத்தன. ஜூலை, ஆகஸ்ட் பொதுவாகவே தக்காளி வரத்து குறையும் மாதங்கள். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்ததில், ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆந்திராவின் மதனப்பள்ளி மொத்தச் சந்தையிலேயே முதல் தரத் தக்காளி கிலோ 200 ரூபாயை நெருங்கியது. நாட்டின் சில்லறைப் பணவீக்கம் ஜூலையில் 7.44 சதவீதம் ஆனது.

செப்டம்பரில் நிலைமை தலைகீழ். ஆந்திராவின் கர்னூல் பகுதியில் விவசாயிக்குக் கிலோவுக்கு 10 ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. சிலர் தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போனார்கள்.

விலை ஏன் இவ்வளவு வேகமாக ஏறுகிறது?

ஹைதராபாத்தின் பெரிய மொத்தக் காய்கறிச் சந்தை போவன்பல்லியில் இருக்கிறது. கணக்குக்காக இப்படி யோசியுங்கள்: ஒருநாள் 100 பெட்டி தேவை, 100 பெட்டி வருகிறது, விலை கிலோ 30 ரூபாய். மறுநாள் வந்தது 70 பெட்டிதான். வாங்க வந்தவர்களோ அதே ஆட்கள். 30 பெட்டிக்கான தேவை "இந்த விலைக்கு வேண்டாம்" என்று விலகும் வரை ஏலம் ஏறிக்கொண்டே போகும். இருக்கும் சரக்கும் மிச்சமிருக்கும் தேவையும் சமமாகும் இடம்தான் அன்றைய விலை. இதற்குப் பாடப்புத்தகத்தில் சமநிலை விலை என்று பெயர்.

சரி, வரத்து 30 சதவீதம் குறைந்தால் விலையும் 30 சதவீதம்தானே ஏறணும்? அப்படி நடப்பதில்லை. ஃபோன் விலை ஏறினால் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று விடுவீர்கள். ரசத்தையும் சட்னியையும் அப்படித் தள்ளிப்போட முடியாது. ஒரு கிலோ வாங்கியவர் முக்கால் கிலோவுக்கு இறங்குவார், அவ்வளவுதான். பொருளாதாரத்தில் இதை நெகிழ்ச்சி குறைந்த தேவை என்பார்கள். நாம் சுலபத்தில் விலகாததால்தான் சின்னத் தட்டுப்பாடுகூடப் பெரிய விலையேற்றம் ஆகிறது.

விளைச்சலை உடனே கூட்ட முடியாதா?

முடியாது. நாற்று நட்டால் காய் பறிக்கக் கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஆகும். ஜூன், ஜூலை விலையைப் பார்த்துப் பலர் ஒரே நேரத்தில் நடுகிறார்கள். எல்லார் காயும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வருகிறது. பழுத்த தக்காளியை வைத்துப் பிறகு விற்கலாம் என்றால் அழுகிவிடும். வந்த விலைக்குக் கொடுத்தே ஆக வேண்டும். அடிபட்டவர்கள் அடுத்த முறை குறைவாக நடுகிறார்கள். மறுபடி தட்டுப்பாடு. இந்தச் சுழற்சிக்குச் சிலந்தி வலைக் கோட்பாடு என்று பெயர்.

அப்போ இடைத்தரகர்கள் காரணம் இல்லையா?

அவர்களுக்கும் பங்கு உண்டு. நீங்கள் தக்காளிக்குக் கொடுக்கும் 100 ரூபாயில் விவசாயிக்குச் சேர்வது சுமார் 33 ரூபாய்தான் என்கிறது, 2024-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கை. மற்றது லாரி வாடகை, சேதாரம், வியாபாரிகளின் லாபம். இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் 1999-ல் ரைத்து பஜார்கள் தொடங்கப்பட்டன. ஆனால் கமிஷன் எல்லா மாதமும் இருக்கிறது. 10 ரூபாய்க்கும் 200 ரூபாய்க்கும் நடுவே விலை ஊசலாடுவதை அது மட்டுமே விளக்காது.

அரசு என்ன செய்தது?

2023 ஜூலையில் மத்திய அரசு டெல்லியில் கிலோ 90 ரூபாய்க்கு விற்பனையைத் தொடங்கி, படிப்படியாக விலையைக் குறைத்தது. சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குக் கிடைத்தது. வரிசையில் நின்றவர்களுக்கு இது நிஜமான உதவி. ஆனால் மானிய விலை புதிதாக ஒரு தக்காளியைக்கூட விளைவிக்காது. குளிர்பதனக் கிடங்கு, பதப்படுத்தும் ஆலை, பகுதி பகுதியாகத் தேதி பிரித்து நடவு ஆகியவைதான் ஊசலாட்டத்தைக் குறைக்கும். தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்குக்காக 2018-19 பட்ஜெட்டில் 500 கோடி ரூபாயில் 'ஆபரேஷன் கிரீன்ஸ்' அறிவிக்கப்பட்டதும் இதற்காகத்தான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

விலை ஏறும்போது புளியும் மாங்காயும் கோங்குராவும் இருக்கின்றன. மாற்றுக்குப் போகிறவர்கள் கூடக் கூட விலை சீக்கிரம் அடங்கும். விலை விழும்போது இரண்டு கிலோ கூடுதலாக வாங்கித் தொக்கு செய்து வையுங்கள். 10 ரூபாய்த் தக்காளி நமக்கு லாபமாகத் தெரியலாம். ஆனால் அந்த விலையில் பறிப்புக் கூலிகூடக் கட்டாத விவசாயி அடுத்த நடவைக் கைவிட்டால், சில மாதங்கள் கழித்து அதற்கான விலையையும் நாம்தான் கொடுப்போம்.