பங்கு: ஒரு சிற்றூர்த் தேவாலயத்தின் பதிவேடும் அதன் மக்களும்

கத்தோலிக்கர் பேசும் தமிழில் ‘பங்கு’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, எல்லோரும் அறிந்த பாகம். மற்றையது, ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பிலுள்ள ஊரும் அதன் விசுவாசிகளும். மன்னாரில் ஒருவர் “நீங்கள் எந்தப் பங்கு?” என்று கேட்டால், உங்களைத் தெரிந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கிறார் என்றே பொருள். மெதடிஸ்த, தென்னிந்தியத் திருச்சபை மக்கள் இந்த உறவை ‘ஐக்கியம்’ என்பார்கள்.

நான் மன்னார்க் கரையோரத்துச் சிறிய பங்கொன்றில் ஞானஸ்நானம் பெற்றவன். 1990 இல் இடம்பெயர்ந்து, பல ஆண்டுகளுக்குப் பின்னர் அதே ஊருக்குத் திரும்பியவன். பங்கு என்ற இந்தச் சிறிய அமைப்பு எப்படி இயங்குகிறது, யுத்தத்தின்போது அது எமக்கு என்னவாக இருந்தது, இப்போது எதனை இழந்துகொண்டிருக்கிறது என்பதை இங்கே எழுத விரும்புகிறேன்.

குருவானவர் இல்லாத காலம்

மன்னாரில் கத்தோலிக்கம் 1540களில் வேரூன்றியது. புனித பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவிடம் ஞானஸ்நானம் பெற்ற மக்கள் பலர் 1544 இல் யாழ்ப்பாண அரசனின் கட்டளைப்படி கொல்லப்பட்டனர். 1658 இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்குச் சென்றதும் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருக்கள் வெளியேற்றப்பட்டனர். மாந்தையிலிருந்த மாதாவின் சுருவத்தை மக்கள் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் சென்றதே இன்றைய மடுத் திருத்தலத்தின் தொடக்கம் என்பது மரபு.

1687 இல் கோவாவிலிருந்து புனித யோசவ்வாஸ் மாறுவேடத்தில் வந்து சேர்ந்தபோது, சுமார் 30 ஆண்டுகள் குருவானவர் இல்லாமலே இங்கு விசுவாசம் நிலைத்திருந்தது. எல்லா ஊருக்கும் அவரால் போக முடியவில்லை. ஆகவே ஊருக்கு ஊர் மூப்பர்களையும் அண்ணாவிமாரையும் பொறுப்பாக வைத்தார். செபத்தை நடத்துவது, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிப்பது, சாகக் கிடக்கும் குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுப்பது எல்லாம் பொதுமக்களின் வேலையாகின. எங்கள் பங்குகளின் பழக்கம் அங்கிருந்து வருகிறது. கோவிலும் குருவானவரும் இல்லாமற்போனாலும் ஆளுக்கொரு வேலை இருந்தால் சபை நிற்கும்.

யார் என்ன செய்கிறார்கள்

இன்று ஒரு பங்கு பல அன்பியங்களாகப் பிரிந்திருக்கும். அயலிலுள்ள சில வீடுகள் சேர்ந்தால் ஓர் அன்பியம். பின்னேரத்தில் யாராவது ஒருவரின் வீட்டு விறாந்தையில் பாய் விரித்து, வேதாகமத்தில் ஒரு பகுதியை வாசித்து, அதைப் பற்றிப் பேசி, செபித்து முடிப்பார்கள். அதன் பின்னர் தேநீர் வரும். எனக்கு எப்போதும் முக்கியமாகப் பட்டது அந்தத் தேநீர் நேரம்தான். யார் வைத்தியசாலையில் இருக்கிறார், எந்த வீட்டில் இரண்டு கிழமையாகத் தொழில் இல்லை, எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் நிற்கிறது என்பதெல்லாம் அங்கேதான் வெளியில் வரும். 1833 இல் பாரிஸில் தொடங்கிய வின்சென்ட் டி போல் சபையின் கிளை பங்கில் இருந்தால், அடுத்த நாள் இரண்டு பேர் அந்த வீட்டுக்குச் சத்தமில்லாமல் போய்வருவார்கள்.

செத்தவீடென்றால் மணி அடிக்கும் விதத்திலேயே ஊருக்குத் தெரிந்துவிடும். இளைஞர்கள் குழி வெட்டுவார்கள். அயல்வீடுகளில் சமையல் நடக்கும். திருவிழாவுக்குக் கொடியேறினால் ஒவ்வொரு நாள் நவநாளும் ஓர் அன்பியத்தின் பொறுப்பு. எங்கள் கரையில் ஒரு நாள் பாட்டைக் கோவிலுக்குக் கொடுக்கும் வள்ளங்கள் இன்றும் உண்டு.

மூன்று புத்தகங்கள்

இவற்றைவிடக் கண்ணில் குறைவாகப் படுவது பங்கின் பதிவேடு. 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 535 ஆம் பிரிவில் ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானம், திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்கிறது. அதே பிரிவில் இன்னொரு விதியும் இருக்கிறது. ஒருவர் எங்கே உறுதிபூசுதல் பெற்றாலும், எங்கே திருமணம் செய்தாலும், அந்தச் செய்தி அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அனுப்பப்பட்டு அவரது பெயருக்குப் பக்கத்தில் குறிக்கப்பட வேண்டும்.

சிதறிப்போன ஒரு மக்களுக்கு இது எவ்வளவு பெரிய விடயம் என்பதை ஊர் திரும்பிய பின்னர்தான் கண்டேன். எங்கள் பதிவேடுகளை அப்போதைய பங்குத்தந்தை சாக்கில் கட்டி எடுத்துச் சென்றதால் அவை தப்பின. அதில் ஒரே பக்கத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்களின் ஓரக்குறிப்புகளைப் பார்த்தால், ஒருவரின் திருமணம் மண்டபத்தில், ஒருவரது கொழும்பில், இன்னொருவரது பாரிஸில். ஊர் உடைந்து முப்பது வருடங்களான பின்னரும் அந்தப் பக்கத்தில் அவர்கள் ஒன்றாக இருந்தார்கள்.

அதற்கு நடைமுறைப் பயனும் உண்டு. ஞானஸ்நானச் சான்றிதழ் அரச பிறப்புச் சான்றிதழுக்கு ஈடாகாது. ஆனால் பதிவு தவறிய பிறப்பைப் பின்னர் பதியும்போது வயதையும் பெற்றோரையும் காட்டும் துணை ஆதாரமாக அது உதவியிருக்கிறது. ஓலைப்பெட்டியோடு ஆவணங்களை எல்லாம் கடலில் விட்டுவந்த குடும்பங்களுக்கு அந்தத் துண்டுக் கடதாசி பெரிய கைகொடுப்பு.

கோவில்களும் தப்பவில்லை

தேவாலயம் பாதுகாப்பான இடம் என்று நம்பி ஓடியவர்கள் நாங்கள். 1995 ஜூலை 9 ஆம் திகதி நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தின் மீது விமானக் குண்டுகள் விழுந்தபோது, அங்கு தஞ்சமடைந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1999 நவம்பர் 20 ஆம் திகதி இரவு மடுக் கோவில் வளாகத்தில் எறிகணைகள் வீழ்ந்தன. 2008 ஏப்ரலில் மடு மாதாவின் சுருவமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, ஓகஸ்ட் மாதத்தில்தான் திரும்பியது.

பங்குத்தந்தையரும் மக்களின் கதியையே அடைந்தனர். வங்காலையில் அருட்தந்தை மேரி பஸ்தியன் 1985 ஜனவரியில் கொல்லப்பட்டார். அல்லைப்பிட்டியில் அருட்தந்தை ஜிம் பிறவுண் 2006 ஓகஸ்ட்டில் காணாமற்போனார். 2009 மே 18 ஆம் திகதி, சரணடைந்தவர்களோடு சென்ற அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் இன்றுவரை திரும்பவில்லை.

2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் நல்லிணக்க ஆணைக்குழு முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர். மீதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். முதல் எண் அரச அதிகாரிகளின் தரவுகளிலிருந்தும், இரண்டாவது ஐ.நா.வின் தரவுகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை. எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் வந்தார்கள், மற்றவர்கள் எங்கே: பதிவேடு வைத்திருக்கும் எந்தப் பங்குத்தந்தையும் கேட்கும் கேள்வி அது. ஆயர் 2021 ஏப்ரல் 1 ஆம் திகதி காலமானார். அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

எந்தப் பட்டியலிலும் இல்லாத பெயர்

நவம்பர் 2 ஆம் திகதி இறந்த விசுவாசிகளின் நாள். சேமக்காலையில் மெழுகுதிரி கொளுத்தி, வீட்டுக்கு வீடு எழுதிக்கொடுத்த பெயர்களை வாசித்துச் செபிப்போம். எனது அண்ணன் 2009 இல் வன்னியில் காணாமற்போனவர். அம்மா அவரது பெயரை அந்தப் பட்டியலுக்குக் கொடுப்பதில்லை. தூரத்தில் இருப்பவர்களுக்கான மன்றாட்டில் சேர்க்கச் சொல்லுவார். பதிவேட்டிலும் அவரது பெயர் முதலாவது புத்தகத்தில் மட்டும் இருக்கிறது. ஓரக்குறிப்பும் இல்லை, மூன்றாவது புத்தகத்தில் வரியும் இல்லை.

2016 இல் நிறைவேற்றப்பட்ட சட்டத்திருத்தத்தின் பின்னர், மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் ஒன்றைப் பெற வழியுண்டு. அது கடதாசி வேலைக்கு உதவும். ஆனால் “இன்னும் தேடுறியளோ?” என்று கேட்காமல் அம்மாவுக்குப் பக்கத்தில் முழந்தாளிடும் அன்பியத்துப் பெண்கள் செய்வது வேறு. அவர் செத்துவிட்டார் என்றும் அவர்கள் சொல்வதில்லை, வருவார் என்றும் சொல்வதில்லை. பெயரைச் சொல்லிச் செபிக்கிறார்கள். விசுவாசம் எமக்குக் கொடுத்த ஆறுதலில் இதைவிடப் பெரிதொன்றை நான் அறியேன்.

இன்றைய நிலை

பங்கைப் புனிதமாக்கிப் பேச நான் விரும்பவில்லை. திருவிழா உரிமையிலும் சேமக்காலையிலும் சாதி பார்க்கும் இடங்கள் இன்னும் உண்டு. ஒரே குடும்பத்துக்குள் ஒருவர் வேறு சபைக்குப் போனதும் செத்தவீட்டுக்குக்கூடப் போகாமல் நிற்பவர்கள் உண்டு. வெளிநாட்டுப் பணத்தில் கோவில்கள் முன்னரைவிடப் பெரிதாக எழும்பிவிட்டன. அன்பியக் கூட்டத்துக்கோ நான்கைந்து முதியவர்கள்தான் வருகிறார்கள். செத்தவீட்டுச் சாப்பாடு கடையில் எடுக்கப்படுகிறது. ஆளுக்கொரு வேலை என்பது போனால், நாங்கள் ஒருவரையொருவர் அறிந்திருப்பதும் போய்விடும்.

ஆகவே மூன்று வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன். முதலாவது, நீங்கள் எங்கிருந்தாலும் ஞானஸ்நானம் பெற்ற பங்கோடு தொடர்புகொண்டு உங்கள் பதிவு இருக்கிறதா, திருமணக் குறிப்பு வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். பெயர், பெற்றோரின் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்பவை தேடுவதற்கு வேண்டும். இரண்டாவது, இடம்பெயர்ந்த காலத்தில் வழியில் இறந்து, வழியிலேயே அடக்கம் செய்யப்பட்டவர்களின் பெயரையும் இடத்தையும் நாளையும் எழுதிப் பங்குத்தந்தையிடம் கொடுங்கள். மூன்றாவது, புத்தகமே எரிந்துபோன பங்குகளைச் சேர்ந்தவர்கள் கைவிட வேண்டாம். திருச்சபைச் சட்டத்தின் 876 ஆம் பிரிவின்படி, யாருக்கும் பாதகம் இல்லாதவிடத்து, நம்பத்தகுந்த ஒரேயொரு சாட்சியின் வாக்குமூலம் ஞானஸ்நானத்தை நிரூபிக்கப் போதும். அந்தச் சாட்சி பெரும்பாலும் உங்கள் ஞானத்தாயாகவோ, கோவிலில் அன்று பாட்டுப் பாடிய ஒரு கிழவராகவோ இருப்பார். அவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. இந்த வருடமே போய்க் கேளுங்கள்.