கடதாசி இல்லாத இடத்திலும் கதை எழுதலாம்: முதல் வரைவுக்கான சில வழிகள்

கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ 1977 டிசம்பர் இறுதியில் கைது செய்யப்பட்டார். கிகுயு மொழியில் கிராம மக்களே மேடையேற்றிய ஒரு நாடகமே அதற்குக் காரணம். விசாரணையின்றி ஏறக்குறைய ஓராண்டு காமிட்டி சிறையில் இருந்த காலத்தில், கழிப்பறைத் தாளில் ஒரு நாவலை எழுதினார். கைதிகளுக்குக் கொடுக்கப்பட்ட அந்தத் தாள் முரடானது. உடம்புக்குத் தொல்லை தந்த அந்த முரடே பேனை மையைத் தாங்கியது. சோதனையொன்றில் பறிமுதல் செய்யப்பட்ட பிரதி சில வாரங்களின் பின் திரும்பக் கிடைத்தது. 1980இல் வெளியான அந்த நாவலைத் தமிழில் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்ற பெயரில் வாசிக்கலாம்.

இந்தோனேசியாவின் பிரமுதியா அனந்த தூர் நிலைமை இன்னும் மோசம். 1965இல் அவர் கைதானபோது வீட்டிலிருந்த நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் அழிக்கப்பட்டன. புரு தீவுச் சிறைமுகாமில் முதலில் எழுத அனுமதி இருக்கவில்லை. ஆகவே கதையைச் சக கைதிகளுக்கு வாயால் சொன்னார். அனுமதி கிடைத்த பின்பே எழுதினார். 1980இல் வெளிவந்த அந்நாவல் வரிசையின் முதல் நூல் அடுத்த ஆண்டே தடைசெய்யப்பட்டது.

வாயால் சொல்வதும் ஒரு வரைவுதான். கேட்பவர் எந்த இடத்தில் 'பிறகு?' என்கிறார், எங்கே முகத்தைத் திருப்புகிறார் என்பதைப் பார்த்தாலே கதையின் பலமும் பலவீனமும் தெரிந்துவிடும். அம்மம்மாவிடம் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல.

நபக்கோவ் சிறு அட்டைகளில் பென்சிலால் எழுதியவர். கதையை முதலிலிருந்து முடிவுவரை வரிசையாக எழுதாமல், மனதில் தெளிவாக நின்ற காட்சியை முதலில் எழுதிவிட்டு, அட்டைகளைப் பின்னர் அடுக்கினார். போரைக் கண்டவர்களுக்கு மிகவும் பொருந்தும் முறை இதுவே என்பது என் எண்ணம். பங்கருக்குள் கழிந்த ஓர் இரவு துல்லியமாக நினைவிருக்கும். அது எந்த மாதம் என்பது இருக்காது. மாதம் பிறகு வரட்டும். கொப்பித் தாளை நான்காகக் கிழித்தால் அட்டை தயார்.

ஹெமிங்வே, அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்திக்கொள்வார். மறுநாள் வெற்றுத்தாளின் முன் தவிக்கத் தேவையில்லை. வேலை முடிந்து இரவில் ஒரு மணித்தியாலம் மட்டும் கிடைப்பவர்களுக்கு இது உதவும்.

கைத்தொலைபேசியில் குரலைப் பதிவுசெய்தும் தொடங்கலாம். பேச்சை எழுத்தாக்கும் செயலிகள் எங்கள் பேச்சு வழக்கைப் பல வேளைகளில் பிழையாகவே பிடிக்கும். அதனால் மூலப் பதிவை அழிக்க வேண்டாம்.

பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் கோடிட்ட கொப்பித் தாளில் அச்சானதைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். இடம்பெயர்ந்தபோது அடையாள அட்டை பையில் வந்தது. எழுதிய கொப்பிகள் வீட்டோடு நின்றுவிட்டன. இன்று ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வேறோர் ஊரில் இருக்கும் உறவினருக்கு அனுப்பிவைக்கலாம்.

இன்னொன்று: உயிரோடு இருப்பவர்களின் உண்மைப் பெயர்களை முதல் வரைவிலேயே மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றலாம் என்று விட்ட பெயர், கொப்பி கைமாறும்போது அப்படியே போய்விடும்.