‘மயக்கம்’ என்று சொன்னால் போதுமா? அவசரப் பிரிவில் தாதியர் முடிவெடுக்கும் விதம்

ஜார்ஜ்டவுன் – “நாங்கள்தானே முதலில் வந்தோம், பின்னால் வந்தவரை ஏன் முதலில் கூப்பிடுகிறார்கள்?” பெற்றோரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பலர் கேட்கும் கேள்வி இது. அவசரப் பிரிவில் வந்த நேரத்தை வைத்து வரிசை அமைவதில்லை. நோயாளியின் நிலையை வைத்தே அமைகிறது. அந்த நிலையை முதலில் எடைபோடுபவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர்; முகப்பில் இருக்கும் தாதி அல்லது உதவி மருத்துவ அதிகாரி.

ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு பொது மருத்துவமனை உட்பட, நாட்டின் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகள் நிறம் கொண்டு பிரிக்கப்படுகின்றனர். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் சிவப்பு. விரைவாகக் கவனிக்காவிட்டால் நிலை மோசமாகலாம் என்றால் மஞ்சள். காத்திருக்கக்கூடியவர் என்றால் பச்சை. ஒருவருக்கு எந்த நிறம் என்பதைச் சில நிமிடங்களில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

டிரெஸ்ஸர் செய்த அதே வேலை

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. பத்து காவான், கலிடோனியா போன்ற தோட்டங்களில் நோயாளியை முதலில் பார்த்தவர் டிரெஸ்ஸர்தான். மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாமா, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டுமா என்று அவரே முடிவு செய்தார். 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கும்வரை, பெருநிலத்திலிருந்து தீவுக்கு வர ஃபெரியைத்தான் நம்ப வேண்டும். அதனால் அந்த முடிவு சாதாரணமானதல்ல. தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கான சட்டம் 1965-இல் வந்தது.

அதே 1965-இல், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் தாதியருக்கான உயர்நிலைப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினர். நோயாளியைத் தாமே முழுமையாகப் பரிசோதித்து முடிவெடுக்கும் தாதியர் உருவாக அது வழி திறந்தது.

மலேசியாவில் தாதியர் 1950-ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்கீழ் மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிவு பெறுகின்றனர். டிப்ளோமா முடித்து அனுபவம் பெற்றவர்கள், ‘போஸ் பாசிக்’ எனப்படும் மேற்பயிற்சியில் அவசர சிகிச்சை, தீவிர சிகிச்சை, சிறுநீரகப் பராமரிப்பு போன்ற துறைகளில் தேர்ச்சி பெறலாம். நோயை உறுதிப்படுத்துவதும் மருந்து எழுதுவதும் மருத்துவரின் பொறுப்பு. எவ்வளவு விரைவாக, எந்தப் பகுதிக்கு அனுப்புவது, மருத்துவரை எப்போது அழைப்பது ஆகியவை முகப்பில் இருப்பவரின் கணிப்பைச் சார்ந்தவை.

கண், காது, கருவி

மதிப்பீடு நோயாளி நடந்து வரும்போதே தொடங்கிவிடுகிறது. வியர்க்கிறதா, உதடு வெளுத்திருக்கிறதா, ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்பதைத் தாதி கவனிக்கிறார். பிறகு கேள்விகள். பிறகு அளவுகள்: மூச்சு, ஆக்சிஜன், நாடி, இரத்த அழுத்தம், உடல் வெப்பம், சுயநினைவு.

இவற்றுள் பலரும் அலட்சியம் செய்வது மூச்சின் எண்ணிக்கை. நிதானமாக இருக்கும் பெரியவருக்கு நிமிடத்திற்கு 12 முதல் 20 வரை இயல்பு. உடல்நிலை மோசமாகும்போது முதலில் மாறுபவற்றுள் இதுவும் ஒன்று. பிரிட்டனின் அரச மருத்துவர் கல்லூரி 2012-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய எச்சரிக்கைப் புள்ளி முறையில், மூச்சு 25-ஐ எட்டினாலே 3 புள்ளி. எல்லா அளவுகளுக்கும் சேர்த்து 7 புள்ளி வந்தால் அவசர நிலை. புதிதாக ஏற்பட்ட மனக்குழப்பத்திற்கும் 3 புள்ளி உண்டு. “வயசாச்சு, அப்படித்தான் உளறுவார்” என்று குடும்பம் ஒதுக்குவது சில நேரம் கிருமித்தொற்றின் அறிகுறியாக இருக்கலாம்.

தேர்ந்த தாதி எண்ணை மட்டும் நம்புவதில்லை. இருக்கக்கூடிய ஆபத்துகளில் மோசமானதை முதலில் நினைத்து, அது இல்லை என்று தெரிந்த பிறகே அடுத்ததற்குப் போகிறார். பச்சையில் உட்காரவைத்தவரை மீண்டும் பார்ப்பதும் அவரது வேலையே. நிலை மாறினால் நிறமும் மாறும்.

சொல்லில் இருக்கும் சிக்கல்

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். “அம்மாவுக்கு மயக்கம்” என்கிறோம். தமிழில் அது தலைசுற்றலாகவும் இருக்கலாம், நினைவு தப்பி விழுந்ததாகவும் இருக்கலாம். மலாயில் முன்னது ‘பெனிங்’, பின்னது ‘பெங்சான்’. நினைவு தப்பிய தாயை மகன் ‘பெனிங்’ என்று மொழிபெயர்த்துவிட்டால், முகப்பில் இருப்பவருக்குக் கிடைக்கும் தகவலே வேறு.

‘வாய்வு’ என்பது இன்னொரு சொல். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடாக இருந்தது. நீண்ட நாள் இனிப்பு நீர் நரம்புகளைப் பாதிப்பதால், மாரடைப்பு வந்தாலும் நெஞ்சு வலி தெரியாமல் போகலாம். மூச்சு வாங்குதல், குளிர் வியர்வை, மேல்வயிற்றில் அடைப்பு, காரணமில்லாத களைப்பு மட்டுமே இருக்கக்கூடும். வீட்டில் அதை வாய்வு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திருப்பார்கள். “இனிப்பு நீர் இருக்கிறது, திடீரென்று வியர்த்தது” என்று முகப்பில் சொன்னால், தாதி இசிஜி எடுப்பதை நினைக்க வாய்ப்பு அதிகம். மாரடைப்புச் சந்தேகம் இருந்தால், வந்து 10 நிமிடத்திற்குள் இசிஜி எடுப்பதே அனைத்துலக வழிகாட்டி.

முகப்பில் சொல்ல வேண்டியவை

• என்ன நடந்தது என்பதைப் பார்த்தபடியே சொல்லுங்கள். ‘மயக்கம்’ என்று நிறுத்தாமல், “கீழே விழுந்தார், கூப்பிட்டால் பதில் இல்லை” என்று சொல்லுங்கள்.

• நேரத்தைச் சொல்லுங்கள். வாய் கோணல், கை கால் செயலிழப்பு, பேச்சுக் குழறல் என்றால், கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பது முக்கியம். பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக 4.5 மணி நேரத்திற்குள் கொடுக்கப்படுகிறது.

• இனிப்பு நீர், இரத்த அழுத்தம், இருதய நோய், ஒவ்வாமை இருந்தால் கேட்கும்முன் சொல்லுங்கள். மருந்துப் பையையும் கிளினிக் புத்தகத்தையும் கொண்டு செல்லுங்கள்.

• இன்சுலின் போடுபவர் நடுங்கி வியர்த்தால், கடைசியாக எப்போது சாப்பிட்டார், எப்போது ஊசி போட்டார் என்று சொல்லுங்கள். இரத்தச் சர்க்கரை 3.9-க்குக் கீழே இறங்குவதும் அவசரம்தான்.

• காத்திருக்கும்போது மூச்சு வாங்கினாலோ, வலி கூடினாலோ, பேச்சு மாறினாலோ உடனே எழுந்து போய்ச் சொல்லுங்கள். அது இடையூறு அல்ல.

• பெரியவருக்கு மலாய் சரளமாக வராவிட்டால், தமிழ் பேசும் தாதி இருக்கிறாரா என்று கேட்கலாம். இல்லையென்றால், நடந்ததை நேரில் பார்த்த ஒருவர் உடன் இருப்பது நல்லது.

நெஞ்சு அடைப்பு, மூச்சுத் திணறல், நினைவு தப்புதல், பக்கவாத அறிகுறி ஆகியவற்றுக்குக் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல் 999-ஐ அழைக்க வேண்டும்.