கார்பன் மோனாக்சைடும் இதயத் துடிப்புப் பிறழ்வும்

கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற ஒரு நச்சு வளிமம் ஆகும். விறகு, கரி, பெட்ரோல், புகையிலை போன்றவை முழுமையாக எரியாதபோது இது உண்டாகின்றது. இதனைச் சுவாசிப்போருக்கு இதயத்தின் துடிப்பு ஒழுங்கு குலைந்து, சில வேளைகளில் உயிரிழப்பு நேரலாம். இது எவ்வாறு நிகழ்கின்றது என்பதற்கு 2012 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று புதிய விளக்கம் அளித்தது.

முந்தைய விளக்கம்

கார்பன் மோனாக்சைடு குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் ஆக்சிசனைக் காட்டிலும் 200 மடங்கிற்கும் மேலான நாட்டத்துடன் பிணைகின்றது. இதனால் உடல் உறுப்புகளுக்கு ஆக்சிசன் கிடைப்பது குறைகின்றது. 19 ஆம் நூற்றாண்டில் குளோட் பெர்னார்ட், ஜான் இசுக்காட் ஆல்டேன் ஆகியோர் இந்நச்சுத்தன்மையை ஆராய்ந்தனர். இதயப் பாதிப்பிற்கும் ஆக்சிசன் குறைபாடே காரணம் எனக் கருதப்பட்டு வந்தது.

லீட்சு ஆய்வு

இங்கிலாந்தின் லீட்சு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிரான்சு நாட்டு ஆய்வாளர்களுடன் இணைந்து, எலிகளிலும் எலிகளின் இதயத்தசை உயிரணுக்களிலும் சோதனைகள் நடத்தினர். இவ்வளிமம் இதய உயிரணுக்களை நேரடியாகவும் தாக்குகின்றது என அவர்கள் கண்டறிந்தனர்.

செயல்முறை

ஒவ்வொரு துடிப்பின் தொடக்கத்திலும் இதய உயிரணுச் சவ்விலுள்ள சோடியம் தடங்கள் ஒரு கணம் திறந்து உடனே மூடிக்கொள்ளும். கார்பன் மோனாக்சைடு உயிரணுவில் நைட்ரிக் ஆக்சைடின் அளவை உயர்த்துகின்றது. இது தடப் புரதத்தை மாற்றுவதால் தடங்கள் முழுமையாக மூடாமல் சோடியம் கசிகின்றது. மின் துடிப்பு நீள்கின்றது. கால்சியத்தின் சமநிலையும் குலைகின்றது. இதன் விளைவாக ஒழுங்கற்ற துடிப்புகள் தோன்றுகின்றன.

ரனோலசீன்

ரனோலசீன் என்பது இச்சோடியம் கசிவைக் குறைக்கும் மருந்தாகும். நாட்பட்ட இதய நெஞ்சுவலிக்காக 2006 இல் அமெரிக்காவில் இதற்கு ஒப்புதல் வழங்கப்பட்டது. மேற்கண்ட ஆய்வில், எலிகளுக்குக் கார்பன் மோனாக்சைடால் ஏற்படும் துடிப்புப் பிறழ்வை இது தடுத்தது. எனினும் எலிகளில் கிடைத்த முடிவு மனிதருக்கு அப்படியே பொருந்தும் எனக் கொள்ள இயலாது. மேலும், இம்மருந்தும் இதய மின்வரைவில் சில மாற்றங்களை உண்டாக்கவல்லது.

மருத்துவம்

பாதிக்கப்பட்டவரை உடனடியாகத் தூய காற்றுள்ள இடத்திற்குக் கொண்டு சென்று ஆக்சிசன் அளிப்பதே முதன்மையான மருத்துவம் ஆகும். குருதியில் பிணைந்த கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறையச் சாதாரணக் காற்றில் ஏறத்தாழ 4 முதல் 5 மணி நேரம் ஆகும். தூய ஆக்சிசன் அளித்தால் இது ஏறத்தாழ 1 முதல் 1.5 மணி நேரமாகக் குறையும். விரலில் பொருத்தும் சாதாரண ஆக்சிசன் அளவி இந்நச்சைப் பிரித்தறியாமல் இயல்பான அளவையே காட்டக்கூடும். எனவே குருதிச் சோதனை தேவைப்படுகின்றது. குருதியில் ஆக்சிசன் மீண்ட பின்னரும் இதயப் பாதிப்பு எஞ்சியிருக்கலாம் என்பதால் இதய மின்வரைவும் எடுக்கப்படுகின்றது.

இவற்றையும் பார்க்க

* ஈமோகுளோபின்
* இதய மின்வரைவு
* நைட்ரிக் ஆக்சைடு