தாம்பரம்

தாம்பரம்: செங்கல்பட்டு மாவட்டத்தில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி அமைந்த சென்னைப் புறநகர் மாநகராட்சி. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் உள்ளிட்ட 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் இணைந்து 2021 நவம்பரில் உருவானது. 70 வார்டுகள் கொண்டது. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதே வளர்ச்சியின் முதன்மைக் காரணம் எனலாம். 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இங்கு இடம்பெயர்ந்தது. 1984இல் அமைந்த மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் வேலைவாய்ப்பைப் பெருக்கியது.

சில்லறை வணிகத்தின் மையம் மேற்குத் தாம்பரத்தின் சண்முகம் சாலை. ரயிலை விட்டு இறங்குவோர் வீடு திரும்பும் வழியிலேயே காய்கறியும் பூவும் வாங்கிச் செல்வர். பல்லாவரம் சந்தையில் பழைய மின்விசிறி, நாற்காலி முதல் செடிகள்வரை கிடைக்கும். அது வெள்ளிக்கிழமைதோறும் கூடுகிறது.