ஐந்தில் நான்கு: லங்கா பிரீமியர் லீக்கில் பிளேஓஃப் தகுதியும் நியாயமும்

லங்கா பிரீமியர் லீக்கின் முதற் பருவம் 2020 நவம்பர், டிசம்பரில் நடந்தது. ஐந்து அணிகள் ஒன்றையொன்று இருமுறை சந்தித்தன. அணிக்கு எட்டுப் போட்டி, மொத்தம் 20. அத்தனை போட்டிகளும் சேர்ந்து வெளியேற்றியது ஓர் அணியை மட்டுமே. காலி கிளேடியேட்டர்ஸும் கண்டி டஸ்கர்ஸும் எட்டில் இரண்டையே வென்றிருந்தன. நிகர ஓட்ட வேகத்தில் முந்திய காலி அரையிறுதிக்குப் போனது. அங்கே, ஆறு வெற்றிகளுடன் பட்டியலின் தலையில் நின்ற கொழும்பு கிங்ஸை இரண்டு விக்கெட்டுகளால் வீழ்த்தியது. கொழும்பின் பருவம் அந்தத் தோல்வியோடு முடிந்தது. காலியோ இறுதிப் போட்டிவரை சென்று ஜஃப்னா ஸ்டாலியன்ஸிடம் 53 ஓட்டங்களால் தோற்றது.

விதி முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஆகவே அநியாயம் எதுவும் நடக்கவில்லை என்பர். நடைமுறை நியாயத்தைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் விதி சமமாகச் செல்லுபடியாவது வேறு, விதியே நியாயமாக இருப்பது வேறு. லீக் சுற்றில் ஈட்டிய வெற்றிக்கு அடுத்த சுற்றில் ஏதேனும் பெறுமதி இருக்க வேண்டும். பெருந்தொற்றின் காரணமாக அப்பருவம் முழுவதும் சூரியவெவ மைதானத்திலேயே நடந்ததால், சொந்த மைதானம் என்ற வழக்கமான சலுகையும் முதலிட அணிக்குக் கிடைக்கவில்லை. நான்காம் அணியை எதிராளியாகப் பெற்றதுதான் கொழும்புக்குக் கிடைத்த ஒரே பரிசு.

அடுத்த ஆண்டே முறை மாறியது: முதலிரு அணிகளுக்கு ஒரு தோல்விக்குப் பின்னும் இன்னொரு வாய்ப்புக் கிடைத்தது. 2021இல் முதலிரு இடங்களுக்குள் வந்த ஜஃப்னா கிங்ஸ், முதலாவது தகுதிகாண் போட்டியில் காலியிடம் தோற்றது. ஆனாலும் தம்புள்ளையை வென்று மீண்டு வந்து, அதே காலியை இறுதியில் வீழ்த்திச் சம்பியனானது. கொழும்புக்கு மறுக்கப்பட்ட இரண்டாம் வாய்ப்புத்தான் ஜஃப்னாவுக்குக் கிண்ணத்தைத் தந்தது. எனினும் நுழைவாயில் அப்படியே இருந்தது: ஐந்தில் நான்கு அணிகள்.

எட்டுப் போட்டிகள் ஓர் அணியின் தரத்தை அளக்கப் போதா, எனவே வாயிலை அகலத் திறந்து வைப்பதே நல்லது என்பது வலுவான ஆட்சேபம். இருபது ஓவர் ஆட்டத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது என்பதும் மெய்யே. ஆனால் எட்டுப் போட்டிகள் போதாவென்றால் ஒற்றைப் போட்டி எப்படிப் போதும்? இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் இடையே சந்தேகம் எழலாம். ஆறு வெற்றிக்கும் இரண்டு வெற்றிக்கும் இடையே எழ வேண்டியதில்லை.

இந்தியாவின் மகளிர் பிரீமியர் லீக்கிலும் 2023 முதல் 2025 வரை ஐந்து அணிகள், அணிக்கு எட்டுப் போட்டிகள்தாம். ஆனால் அங்கே மூன்று அணிகளே முன்னேறின. முதலிட அணி நேரே இறுதிக்குப் போனது. டெல்லி கேப்பிட்டல்ஸ் அம்மூன்று பருவங்களிலும் முதலிடம் பிடித்து, மூன்று இறுதிகளிலும் தோற்றது. 2024இல் அதை வென்ற பெங்களூர் மூன்றாம் இடத்திலிருந்து வந்த அணி. அது டெல்லிக்குத் துரதிர்ஷ்டம், அநீதியல்ல. லீக் சுற்றில் உழைத்ததற்கான பங்கு அதற்கு முன்னரே கொடுக்கப்பட்டுவிட்டது.

இம்முறையை இங்கே கொண்டுவந்தால் 24 போட்டிகள் 22 ஆகும். உண்மையான தடை அந்த இரண்டு போட்டிகளின் ஒளிபரப்பு வருமானம்தான் என்று கருதுகிறேன். வருமானம் குறையக் கூடாதென்றால், நான்கு இடங்களை வைத்துக்கொண்டே ஆறாவது அணியைச் சேர்க்கலாம். லீக் சுற்று 30 போட்டிகளாகும், வெளியேறும் அணிகளும் இரண்டாகும். அந்த அணிக்கான இடமும் காலியாகவே இருக்கிறது: 2020 முதல் 2024 வரையான ஐந்து பருவங்களிலும் கிழக்கு மாகாணத்தின் பெயரில் ஓர் அணிகூட ஆடவில்லை.